உறுமிய மோட்டாரும் ஊமையான மோட்டாரும்

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் எங்கள் வாஷிங் மெஷின் நின்றுபோனது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருவிழாவுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் பதினோரு பேர் அன்று காலையில்தான் கிளம்பினார்கள். போர்வை, தலையணை உறை, துண்டு என்று திண்ணை முழுக்கக் குவியல். மனைவி முதல் ஈடு துணியைப் போட்டு டைமரைத் திருகியதும் மெஷின் 'ம்ம்ம்' என்று உறுமியது. தண்ணீர் அசையவே இல்லை.

அந்த மெஷின் ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை படுத்தது. முதல் தடவை பழி விழுந்தது மோட்டார் மேல், இரண்டாம் தடவை டைமர் மேல். இரண்டுமே குற்றமற்றவை. இரண்டாவது பழுதை உண்டாக்கியவன் நானே என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஐடிஐயில் ஒயர்மேன் படித்தவன், பிழைப்பு வேறு. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

மெஷின் செமி ஆட்டோமேட்டிக், 7 கிலோ, வாங்கி ஒன்பது வருஷம். வெளிக்கூடு தகடு. இப்போது வருபவை பெரும்பாலும் முழு பிளாஸ்டிக். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், போர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. உப்புத் தண்ணீர். பக்கெட்டில் பிடித்து வைத்தால் இரண்டே நாளில் வெள்ளை வளையம் கட்டும். இந்தத் தண்ணீரைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டி வரும்.

இந்த மாதிரி மெஷினில் மோட்டார் இரண்டு. துவைக்கிற பக்கத்துக்கு ஒன்று, பிழிகிற பக்கத்துக்கு ஒன்று. பிழிகிற பக்கம் கடைசி வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஆகவே கீழே மோட்டார் என்று வருவதெல்லாம் துவைக்கிற மோட்டார்.

முதல் உறுமல்

அன்று சாயங்காலம் ஒரு மெக்கானிக் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி மோட்டார் மேல் கையை வைத்தார். சுட்டது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "காயில் போச்சு சார், வாடை வருதுல்ல? புது மோட்டார் 3,200, கூலி 500" என்றார். மீட்டரை எடுக்கவே இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏறி இறங்குகிறவருக்கு மூக்குதான் மீட்டர். பல தடவை அது சரியாகவும் இருக்கும். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "ஏங்க, ஒண்ணு சொல்றேன், வையக் கூடாது. காலையில குச்சியால ஒரு தள்ளு தள்ளினேன், ஓடுச்சு. அங்கிட்டுத் தள்ளினா அங்கிட்டு, இங்கிட்டுத் தள்ளினா இங்கிட்டு."

முதலில் வைதேன். கரண்ட் ஓடுகிற மெஷினுக்குள், தண்ணீரில், கையில் குச்சியோடு என்ன விளையாட்டு? வைது முடித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் அவள் சொன்னதன் அர்த்தம் உறைத்தது. மெக்கானிக்கின் மூக்கு சொன்னதைவிட அந்தக் குச்சி சொன்னது அதிகம்.

வீட்டுக்கு வருகிற சிங்கிள் பேஸ் கரண்டை ஒரே ஒரு காயிலுக்கு (மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருளுக்கு) கொடுத்தால் அதன் காந்தப்புலம் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளுமே தவிர சுழலாது. ரோட்டரை, அதாவது உள்ளே சுற்றுகிற பாகத்தை, ஒரு பக்கம் இழுக்கிற அதே வேகத்தில் மறுபக்கமும் இழுக்கும். ஆள் நகர மாட்டார், உறுமிக்கொண்டே நிற்பார். யாராவது ஒரு பக்கம் லேசாகத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு ஓடுவார். இந்தத் தள்ளலைத் தினமும் கொடுக்கத்தான் இரண்டாவது காயிலும், அதோடு ஒரு கண்டென்சரும் வைத்திருக்கிறார்கள். கண்டென்சர் வழியாகப் போகிற கரண்ட் மற்றக் காயிலின் கரண்டோடு சேர்ந்து நடக்காமல் ஒரு எட்டு முந்திப் போகும். இரண்டும் மாறி மாறி இழுப்பதால் புலம் சுழல ஆரம்பிக்கும். புத்தகத்தில் இதற்குப் பெயர் கப்பாசிட்டர். கடையில் கண்டென்சர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

தள்ளினால் ஓடுகிறது என்றால் என்ன? ஒரு காயிலாவது உயிரோடு இருக்கிறது, கரண்டும் அதற்கு வருகிறது. சுற்றுகிற பாகம் எதிலும் இறுகிச் சிக்கவில்லை. இல்லாமல் போனது அந்த முதல் தள்ளல் மட்டும்தான். அப்படியானால் கண்டென்சர் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு காயிலில் ஒன்று அறுந்திருக்க வேண்டும். சுவிட்சைப் போடாமலே பட்டியல் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

மோட்டார் சுட்டதற்கும் வாடைக்கும் காரணம் இதுவேதான். ஓடாமல் நின்று உறுமுகிற மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதைக் குளிரவைக்கிற விசிறியும் அதே தண்டில் இருப்பதால் அதுவும் நின்றுவிடும். காலையில் நாலைந்து முறை டைமரைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். சுடாமல் என்ன செய்யும்?

மூன்று ஒயர், மூன்று அளவு

மறுநாள் காலை. சுவிட்சை அணைத்ததோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மெஷினின் தலைமேல் வைத்தேன். வேலை செய்யும்போது வீட்டில் யாராவது சுவிட்சைத் தட்டினாலும் பயமில்லை.

முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவது. பெல்ட் இல்லாமல் மோட்டார் புல்லியைக் கையால் சுற்றினால் பட்டுப்போலச் சுற்றியது. பேரிங் சத்தம் இல்லை, தண்டில் ஆட்டம் இல்லை. துவைக்கிற பக்கத்துப் பெரிய புல்லியும் சுற்றியது, கொஞ்சம் கரகரப்போடு. அந்தக் கரகரப்பைக் கேட்டேன், கேட்டும் கடந்துபோனேன். என் முதல் தவறு அது.

மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. எங்கள் மெஷினில் நீலம் பொது ஒயர், சிவப்பும் மஞ்சளும் இரண்டு காயில்களின் மறுமுனைகள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அளவுக் கணக்கு மாறாது. கண்டென்சரைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தேன்.

நீலத்துக்கும் சிவப்புக்கும் 26.1 ஓம். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் 26.4. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 52.4.

துவைக்கிற மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டியது. அதனால் இரண்டு காயிலும் ஒரே மாதிரி கட்டப்பட்டிருக்கும், அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வர வேண்டும். இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். வந்தது. ஒரு காயில் அறுந்திருந்தால் ஒரு பக்கம் மீட்டர் வாயே திறக்காது. உள்ளுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஒரு அளவு மற்றதைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கும். பிழிகிற மோட்டாரில் இந்தக் கணக்கு பொருந்தாது. அது ஒரே பக்கம் சுற்றுவது, இரண்டு காயிலும் வேறு வேறு அளவில் இருப்பதே அங்கே முறை. இது தெரியாமல் நல்ல பிழிகிற மோட்டாரைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு.

மனசு கேட்காமல் சிம்மக்கல் பக்கம் மோட்டார் வைண்டிங் செய்கிற தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே ஓம்ஸ் காட்டுதாண்ணே? அப்ப காயில்ல கைய வைக்காதீங்க. இப்ப வர்றதுல பாதி அலுமினியக் காயில். அதப் பிரிச்சுக் கட்டுற காசுக்குப் புதுசே வாங்கிறலாம். கண்டென்சரப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மேலே அச்சடித்திருப்பது 10 மைக்ரோ ஃபாரட் (கண்டென்சரின் கொள்ளளவு), 440 வோல்ட். மீட்டர் காட்டியது 3.8.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட், கண்டென்சருக்கு எதற்கு 440 என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் ஓடும்போது காயிலும் கண்டென்சரும் சேர்ந்து ஒன்றையொன்று ஏற்றிவிடும். கண்டென்சரின் இரண்டு முனைக்கு இடையில் வீட்டு வோல்டேஜைவிடக் கூடுதலாகவே நிற்கும். அதற்குள்ளே இருப்பது உலோகப் பூச்சுப் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சுருள். எங்காவது ஒரு புள்ளியில் பொத்துக்கொண்டால் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, ஓட்டை தானாக அடைபட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் போகிறது, பூச்சு போகப் போக மைக்ரோ ஃபாரட் குறைகிறது. ஒன்பது கோடை மதுரை வெயிலில், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பத்திலிருந்து நாலுக்கு இறங்கியதில் ஆச்சரியமில்லை. கடைசி சில மாதம் மெஷின் காலித் தொட்டியில் ஓடும், ஜீன்ஸ் போட்டால் திணறும் என்று வீட்டில் சொன்னதும் இதனால்தான். தள்ளல் பலம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் அதே 10 மைக்ரோ ஃபாரட், அதே 440 வோல்ட் கேட்டேன். "பன்னெண்டு போடுங்கண்ணே, இன்னும் நல்லா இழுக்கும்" என்றார் கடைக்காரர். இழுக்கும். கூடவே காயிலில் கரண்டும் கூடி, மோட்டாரை வேகவைக்கவும் கூடும். பத்தையே வாங்கினேன், 140 ரூபாய். சீலிங் ஃபேனுக்குப் போடுகிற 2.5 சைஸை மெஷினில் மாட்டிவிட்டு ஓடவில்லை என்று வந்த ஒருவரைப் பற்றி அவர் சொன்ன கதை தனி.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஓடியது. இரண்டு பக்கமும், போர்வையோடு. மனைவியிடம் 3,560 ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னேன். அந்தப் பெருமையில் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன். கரகரத்த பெரிய புல்லியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டென்சர் ஒயரை எப்படி ஒட்டுப் போட்டேன் என்பதையும் யோசிக்கவில்லை. பழைய ஒட்டு ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் நசுக்கி அடைத்தது. அதை வெட்டிவிட்டு, டைமர், மோட்டார், கண்டென்சர் மூன்றிலிருந்தும் வந்து அங்கே கூடுகிற மூன்று ஒயரையும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். வீட்டு ஒயரிங்கில் ஆயிரம் தடவை செய்தது.

அம்மாவின் விரல்

இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னார்: "ஏய்யா, மெஷினத் தொட்டா கை விறுவிறுங்குது."

"வயசாச்சுல்லம்மா, நரம்பா இருக்கும்" என்றேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒயர்மேன் படித்தவன் சொல்லக்கூடிய பதிலா அது? அம்மா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு மெஷின்மேல் ஏற்கெனவே நம்பிக்கை குறைவு. சுங்குடிச் சேலையை இன்றுவரை அதில் போட விட்டதில்லை.

இருபதாம் நாள் மெஷின் மறுபடி பழுதானது. இந்தத் தடவை நோய் வேறு. ஒரு பக்கம் நன்றாகச் சுற்றியது. நின்றது. மறுபக்கம் சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றவில்லை, உறுமவும் இல்லை. சுத்த ஊமை. டைமரின் டிக் டிக் மட்டும் கேட்டது. பிறகு மறுபடி முதல் பக்கமே சுற்றியது. துணியெல்லாம் ஒரே பக்கம் முறுக்கிக் கயிறாகிவிட்டது.

உறுமலுக்கும் ஊமைக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உறுமுகிற மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது, அதை வைத்துச் சுற்ற முடியவில்லை. ஊமை மோட்டாருக்குக் கரண்டே வரவில்லை. முதல் நோய்க்கு மோட்டார் பக்கத்தில் தேட வேண்டும், இரண்டாவதுக்கு வழியில் தேட வேண்டும்.

டைமர் செய்வது இவ்வளவுதான்: கொஞ்ச நேரம் கரண்டைச் சிவப்பு ஒயருக்குக் கொடுக்கும், நிறுத்தும், பிறகு மஞ்சளுக்குக் கொடுக்கும். கண்டென்சர் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது. சிவப்புக்குக் கரண்ட் வந்தால் சிவப்புக் காயில் நேராகவும், மஞ்சள் காயில் கண்டென்சர் வழியாகவும் வேலை செய்யும். மஞ்சளுக்கு வந்தால் இதுவே தலைகீழ். அதாவது எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டு காயிலும் கண்டென்சரும் சேர்ந்தே உழைக்கின்றன. ஒரு பக்கம் ஒழுங்காகச் சுற்றுகிறதென்றால் மூன்றுமே நலம். மோட்டாருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம், தகட்டைக் கூடக் கழற்ற வேண்டியதில்லை. மிச்சம் இருப்பது டைமருக்குள் மஞ்சளுக்கான தகட்டுத் தொடுப்பு, அல்லது டைமரிலிருந்து மூன்று ஒயர் கூடுகிற ஒட்டு வரைக்கும் உள்ள ஒயர். ஒட்டுக்கு அப்பால், மோட்டார் பக்கம் அறுந்திருந்தால் இரண்டு பக்கமும் சுற்றாது, உறுமத்தான் செய்யும்.

இவ்வளவு அழகாக யோசித்துவிட்டு என்ன செய்தேன்? நேராகக் கடைக்குப் போய் 350 ரூபாய்க்குப் புது டைமர் வாங்கி வந்தேன். ஒன்பது வருஷ டைமர், தொடுப்பு தேய்ந்திருக்கும் என்று மூக்காலேயே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின்தான் பழைய டைமரில் மீட்டரை வைத்துத் திருகிப் பார்த்தேன். சிவப்புப் பக்கம் பீப். நிறுத்தம். மஞ்சள் பக்கம் பீப். சுத்தமான தொடுப்பு. எலக்ட்ரிக்கல் பொருளைக் கடையில் திருப்பி எடுப்பதில்லை. அந்தப் புது டைமர் இன்னும் எங்கள் டிவி ஸ்டாண்டு டிராயரில் இருக்கிறது.

முறுக்குக்குள் தண்ணீர்

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பழைய மெத்தை விரிப்பின்மேல் சாய்த்துப் படுக்க வைத்தேன். செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் அடி திறந்தே இருக்கும். எலிக்கு அது வாசல்படி. உள்ளே எலிப் புழுக்கை, கடித்த தேங்காய்ச் சில்லு ஒன்று, எங்கிருந்தோ இழுத்துவந்த பஞ்சு. "எலிதான் கடிச்சிருக்கும், அப்பவே சொன்னேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா, மதில் மேலிருந்து. நானும் அப்படித்தான் நினைத்தேன். எலி கடித்துத்தான் இருந்தது. கடித்தது மஞ்சளை அல்ல, பச்சையை.

பச்சை, எர்த் ஒயர். மற்ற ஒயர்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் கட்டாகப் போகின்றன. எர்த் மட்டும் தனியாக வந்து அடித்தகட்டில் திருகியிருந்தது. அதை எலி சுத்தமாக நறுக்கியிருந்தது. செம்பு முனை இரண்டும் கறுத்துப் பழசாக இருந்ததைப் பார்த்தால் அது பல மாதத்துக் கதை. எர்த் அறுந்தாலும் மெஷின் ஓடும், பிழியும், ஒரு குறையும் காட்டாது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவின் விரலுக்கு மட்டும் தெரிந்தது.

அப்புறம் என் ஒட்டு. கறுப்பு டேப்பின் பசை கத்திரி வெயிலில் இளகி, டேப் சுருண்டு வாயைத் திறந்திருந்தது. கண்டென்சரை மாட்டும் அவசரத்தில் ஒட்டின் வாய் மேல்நோக்கி நிற்கும்படி விட்டிருக்கிறேன். மேலிருந்து ஒயர் வழியாக வழிந்த சோப்புத் தண்ணீர் அந்த டேப் கூட்டுக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது. பிரித்தால் உள்ளே ஈரம், பச்சைக் களிம்பு, ஒரு பக்கம் கருகல். மூன்று ஒயரில் மோட்டாருக்குப் போவதும் கண்டென்சருக்குப் போவதும் இன்னும் முறுக்கில் பிடித்துக்கொண்டிருந்தன. டைமரிலிருந்து வருகிற ஒயர் மட்டும் களிம்பேறி விலகி, நூலளவு இடைவெளியில் நின்றது. ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் ஊமையானதற்குச் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தியது. மகிழ்ச்சிப்பட முடியவில்லை.

அந்த ஈரக் கூடு அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மெஷின் ஓடும்போது அந்த ஈரம் வழியாகக் கரண்ட் தகட்டுக்குக் கசியும். எர்த் இருந்திருந்தால் கசிவு அந்த வழியாகப் போயிருக்கும். எர்த் இல்லாததால் தகட்டிலேயே நின்று, ஈரக்கையோடும் வெறுங்காலோடும் மூடியைத் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். முதல் ரிப்பேரின்போது காயில் ஒயருக்கும் மோட்டார் பாடிக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், கசிவு எதுவும் இல்லை. அன்று ஒட்டும் புதுசு, எல்லாம் உலர்ந்தும் இருந்தது. எர்த் முள்ளுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு முறை மீட்டரை வைத்திருந்தால் அறுந்தது அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. செய்யவில்லை.

பச்சை ஒயரைப் புதிதாக இழுத்து, வட்ட லக் (ஒயர் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) நசுக்கி, துருவைச் சுரண்டிவிட்டுத் திருகினேன். பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து தகடு வரை மீட்டர் 0.3 ஓம் காட்டியது. ஒட்டை மீண்டும் நசுக்கு மூடியில் போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பி, தகட்டிலிருந்து விலக்கி உயரத்தில் கட்டினேன். இப்போது தண்ணீர் வழிந்தாலும் சொட்டிப் போகும், தேங்காது.

வைண்டிங் பட்டறையிலிருந்து 500 வோல்ட் மெகர் ஒன்றை அரை நாளுக்கு வாங்கி வந்து மோட்டாரையும் சோதித்தேன். சாதாரண மீட்டர் சில வோல்ட்டில்தான் பார்க்கும். 500 வோல்ட்டில் அழுத்தினால்தான் காயிலுக்கும் பாடிக்கும் இடையிலான காப்பு எவ்வளவு உறுதி என்று தெரியும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த மோட்டாரை நம்பக் கூடாது என்பார்கள். இது நூறைத் தாண்டியது. 3,200 ரூபாய்க்குத் தூக்கிப் போடச் சொன்ன மோட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

இப்போதுதான் கரகரத்த புல்லி ஞாபகம் வந்தது.

தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய பேப்பரை விரித்துவைத்துக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் பேப்பரில் முதல் பொட்டு. பெரிய புல்லிக்கு நேர் கீழே. அதற்குமேல் இருப்பது கியர்பாக்ஸ். அதன் தண்டு தொட்டிக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்திருந்தது. சொட்டு புல்லியில் விழுந்து, புல்லி சுற்றும்போது நாலா பக்கமும் தெறித்து, ஒயர்க் கட்டில் ஏறி வழிந்திருக்கிறது.

சீலை மாற்ற முதலில் தொட்டிக்குள் சுற்றுகிற வட்டை எடுக்க வேண்டும். நடுத்திருகு ஒன்றுதான். அது உப்புக் கட்டி இறுகியிருந்தது. துருவுக்கான எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விட்டேன், காலையில் திருகு அசைந்தது. வட்டு அசையவில்லை. கையை விட்டுத் தூக்க இடுக்கு இல்லை, திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். கிழிந்த வேட்டியின் கரையை இரண்டு நீள நாடாவாகக் கிழித்து, எதிரெதிர்ப் பக்கமாக வட்டின் விளிம்புக்கு அடியில் நுழைத்து, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து நேர் மேலே இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் 'டப்'பென்று வந்தது, நான் பின்னால் குளியலறைச் சுவரில் போய் முட்டினேன்.

அடியில் ஒரு சின்ன மியூசியம். இரண்டு ஒரு ரூபாய்க் காசு, ஹேர்பின், வளைந்த ஊக்கு, சட்டைப் பட்டன்கள், நூலும் சோப்பும் சேர்ந்து திரண்ட சாம்பல் நிறக் களி. எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல உப்பு. ரப்பர் சீலின் உதட்டில் விரலை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. தண்டைச் சுற்றி உப்புப் பரல், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பரை அரைத்திருக்கிறது. தண்டை மென்மையான உப்புத்தாளால் பளபளவென்று துடைத்து, புது சீலுக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைத்தேன். சீல் 60 ரூபாய். சாதாரணக் கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைக்கும் என்பதால் அதைத் தொடவில்லை.

வட்டை மாட்டி, மறுபடி தண்ணீர் நிரப்பி, அடியில் புதுப் பேப்பர் விரித்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பேப்பர் மொடமொடவென்று உலர்ந்திருந்தது. கரகரப்பும் போய்விட்டது.

அடியில் எலி வராமல் இரும்பு வலையை வெட்டித் திருகினேன். காற்று போக வேண்டும் என்பதால் அட்டையோ பிளாஸ்டிக்கோ போடவில்லை. வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டாயிற்று. கரண்ட் எங்காவது மண்ணுக்குக் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் மெயினை அறுத்துவிடுகிற சாமான் அது. இந்த வேலையிலேயே அதிகம் செலவானது அதற்குத்தான், ஒயரிங் ஆளின் கூலியும் சேர்த்து. கொல்லையில் உள்ள எர்த் குழியைத் தேடினால் மேலே துளசி மாடம் கட்டியிருந்தார்கள். நல்லவேளை, தினமும் அம்மா ஊற்றுகிற தண்ணீரில் அது ஈரமாகவே இருந்தது. கோடையில் காய்ந்துபோன எர்த் குழி சரியாக வேலை செய்யாது.

மெஷினுக்கு மட்டும் ஆன செலவு: கண்டென்சர் 140, சீல் 60, லக், மூடி, ஒயர், வலை எல்லாம் சேர்த்து 180. தேவையில்லாத டைமர் 350.

முதல் ஈடு போட்ட அன்று அம்மாவைக் கூப்பிட்டு, ஓடுகிற மெஷினின் தகட்டில் என் கையை வைத்துக் காட்டினேன். "ஒண்ணும் இல்லம்மா, தொட்டுப் பாருங்க." புறங்கையால் ஒரு நொடி தொட்டார். "ம்" என்றார். இன்றும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்.